முன்வரிசையில் சிரிக்காத மனிதர்: நாடக மேடை கேள்வி பதில்

பகலில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலமானால் ஒத்திகைக்குப் போகிறேன். 31 வருடமாக ஒரே அமெச்சூர் குழுவில் நகைச்சுவை வேடம்: வேலைக்காரன், வீட்டுக்காரர், மறதிக்காரப் பேராசிரியர், இரண்டு முறை பிணம். (பிணமாகப் படுத்தும் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு முறைதான் வேண்டுமென்றே.) நகைச்சுவை நடிப்பு பற்றி என்னிடம் கேட்கலாம் என்று ஆசிரியர் அறிவித்ததும் கடிதங்கள் வந்துவிட்டன. பெயரைப் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். காரணம் புரிகிறது, அவர்கள் குறை சொல்லும் இயக்குநரும் இதே பத்திரிகையைப் படிப்பவராக இருக்கலாம். அதனால் யார் பெயரும் இல்லை. என் குழுவின் பெயரும் இல்லை, நானும் நாளைக்கு ஒத்திகைக்குப் போக வேண்டுமே.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. முதல் முறையாக நகைச்சுவை நாடகத்தில் நடிக்கிறேன். முதல் வாரம் வசனம் வாசித்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இது ஐந்தாவது வாரம், ஒருவரும் சிரிப்பதில்லை. "ஏதாவது சேர்த்துப் பண்ணுங்க" என்கிறார் இயக்குநர். என்ன சேர்ப்பது, ஐயா?

ஒன்றும் சேர்க்காதீர்கள், அம்மா.

ஐந்தாவது வாரம் என்பது எல்லாக் குழுவுக்கும் வரும் காய்ச்சல். நகைச்சுவை வசனத்தின் பாதி பலம், அது வரப்போகிறது என்று தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. உங்கள் குழுவில் எல்லோருக்கும் அடுத்த வரி மனப்பாடம். அப்புறம் எங்கிருந்து சிரிப்பு வரும்? ஆனால் அந்த மௌனத்தில் நிற்கும் நடிகருக்கு வசனம் செத்துப்போய்விட்டது போலவே இருக்கும். உடனே கைவைத்தியத்தில் இறங்குவோம். கண்ணை உருட்டுவோம், குரலைக் கீச்சென்று ஏற்றுவோம், நடையில் ஒரு நொண்டலைச் சேர்ப்போம். புதிதாகச் சேர்த்ததற்குச் சக நடிகர்கள் சிரிப்பார்கள், அது அவர்களுக்கும் புதிதுதானே. அந்தச் சிரிப்பை நம்பி இன்னொன்றைச் சேர்ப்போம். காட்சி நாளன்று பார்த்தால், எழுதிய பாத்திரம் எங்கேயோ அடியில் கிடக்கும், மேலே நம் சேட்டைகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

என் முதல் வேடம் கடன்காரருக்குப் பயந்து மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் குமாஸ்தா. ஆறு வாரத்தில் நான் சேர்த்தவை: ஒரு தும்மல், கைக்குட்டையை வைத்து ஒரு விளையாட்டு, சபையைப் பார்த்து ஓரக்கண். காட்சியன்று தும்மலுக்கு யாரோ ஒருவர் இருமினார், அவ்வளவுதான். பிறகு கடன்காரர் அதே மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதும்போது பேனாவைக் கீழே போடுகிறார். நான் மேசைக்கு அடியிலிருந்து அதை எடுத்து நீட்டுகிறேன். அவரும் "தேங்க்ஸ்" என்று வாங்கிக்கொண்டு எழுதுகிறார். அரங்கம் அதிர்ந்தது. அந்த இடத்தில் நான் எதையுமே சேர்த்திருக்கவில்லை. அந்தக் குமாஸ்தா மரியாதை தெரிந்தவன், யார் எதைக் கீழே போட்டாலும் எடுத்துக் கொடுப்பவன். ஒளிந்திருக்கும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவனைப் பொறுத்தவரை அது நகைச்சுவையே இல்லை.

தொழில்முறைக் குழுக்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே நாடகத்தை நூறு நாள் ஆடினால், எந்தச் சேட்டை வேண்டாம் என்று நூறு சபைகளும் சேர்ந்து சொல்லிக் கொடுத்துவிடும். நமக்கு ஒத்திகை நாற்பது, காட்சி இரண்டு. அரங்கம் கிடைத்தால் மூன்று. சபையிடம் பாடம் கற்றுக்கொண்டு வெளியே வரும்போது திரை விழுந்து, செட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆறாவது வாரத்தில் கதை தெரியாத நாலைந்து பேரை ஒத்திகைக்குக் கூட்டிவருவோம். சொந்தக்காரர்கள் கூடாது, அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், பாத்திரத்தைப் பார்த்து அல்ல. வந்தவர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்பதைவிட, எங்கே நாற்காலியில் நெளிவதை நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். நாலு பேர் இருக்கும் அறையில் வாய்விட்டுச் சிரிக்கக் கூச்சமாக இருக்கும். அவர்கள் அசையாமல் உட்காருகிற இடம், சபை நிறைந்தால் பெரும்பாலும் சிரிப்பாக மாறும்.

இன்னொன்று. என் வசனப் பிரதியில் சிரிப்பு வரும் என்று நினைக்கும் இடங்களில் பென்சிலால் 'சி' என்று குறித்துவைப்பேன். ஒரு நாடகத்தில் 41 'சி' இருந்தது. முதல் காட்சியில் வந்தது 17. குறிக்காத ஒன்பது இடங்களில் சிரித்தார்கள். இன்று வரைக்கும் அந்த விகிதம் பெரிதாக முன்னேறவில்லை.

கேள்வி: சபை சிரிக்கும்போது நிறுத்த வேண்டுமா, பேசிக்கொண்டே போக வேண்டுமா?

நிறுத்த வேண்டும், ஆனால் நிறுத்தியது தெரியக் கூடாது.

சிரிப்பு அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். ஏறும்போது பேசினால் வசனம் மூழ்கிவிடும். முழுவதும் அடங்கும் வரை காத்திருந்தால் மேடையில் குளிர் பரவும், அடுத்த சிரிப்பைப் புதிதாக மூட்ட வேண்டியிருக்கும். முக்கால்வாசி இறங்கும்போது அடுத்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவரை பொம்மை மாதிரி நிற்காமல் பாத்திரம் அந்த நிமிடம் என்ன செய்யுமோ அதைச் செய்யுங்கள்: சட்டைப் பொத்தானைப் போடலாம், எதிரே இருப்பவரை முறைக்கலாம், சும்மா யோசிக்கலாம்.

இரண்டாவது நாடகத்தில் இதில் கோட்டைவிட்டேன். வந்த கடிதம் அண்ணனுக்கு, தம்பிக்கு அல்ல என்று சபைக்குத் தெரிய வேண்டிய வரியைச் சிரிப்புக்கு நடுவில் சொல்லிவிட்டேன். யார் காதிலும் விழவில்லை. அந்தக் குழப்பத்தின் மேல்தான் மீதி நாடகமே நிற்கிறது. அதற்கப்புறம் ஒன்றேகால் மணி நேரம் நாங்கள் மேடையில் ஓடினோம், ஒளிந்தோம், மாறி மாறி வந்தோம். சபை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்ததே என்று சந்தோஷப்பட்ட நிமிடத்தில்தான் நாடகத்தைக் கொன்றேன்.

வராத சிரிப்புக்குக் காத்திருப்பதும் நடக்கும். அதற்கு மருந்து கிடையாது. பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வசனத்தை என் சொந்த வார்த்தையில் சொன்னால் என்ன? கருத்து வந்தால் போதாதா?

சோக நாடகத்தில் ஓரளவு தப்பிக்கலாம். நகைச்சுவையில் முடியாது. சிரிப்பு ஒரு சொல்லில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சொல் கடைசியில் வர வேண்டும். தமிழில் இது இன்னும் தொல்லை, ஏனென்றால் நம் வாக்கியத்தின் வால் நீளம்: 'என்று சொன்னார்', 'என்றுதான் எழுதியிருந்தார்', 'போலிருக்கிறது'. சிரிப்புச் சொல் வந்த பிறகும் இந்த வால் ஓடிக்கொண்டிருக்கும், சபை சிரிக்க வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொள்ளும்.

ஓர் உதாரணம். "டாக்டர் சீட்டுல எழுதினது ரெண்டே வார்த்தை: வேற டாக்டர்." இதையே "வேற டாக்டரைப் பாருங்கன்னுதான் டாக்டர் சீட்டுல எழுதியிருந்தாரு" என்று சொல்லிப் பாருங்கள். கருத்து அதே கருத்துதான். சிரிப்பு எங்கே போனது? 'எழுதியிருந்தாரு' மிதித்துவிட்டது. நல்ல நாடக ஆசிரியர் அந்த வாலை வெட்டித்தான் கொடுத்திருப்பார். நாம் சொந்த வார்த்தையில் சொல்கிறேன் என்று திரும்ப ஒட்டவைக்கிறோம்.

எழுத்துக்கு எழுத்து பாடம் பண்ணுங்கள். மறந்துபோனால் பக்கத்திரையிலிருந்து எடுத்துக் கொடுப்பவரை நம்பாதீர்கள், அவர் அந்த நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: முன்வரிசையில் ஒருவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு நடிப்பே வரவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

நடந்ததா என்று கேட்கிறீர்கள். சரி, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு நாடகத்தில் நான் சோபா மேல் மூன்று முறை குதிக்க வேண்டும். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று நம்பும் பேராசிரியர் வேடம். முதல் குதிக்கே அரங்கம் சிரித்தது. முன்வரிசையில், நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் சிரிக்கிறார்களே, அது எனக்குப் போதவில்லை. அந்த ஒருவரைச் சிரிக்கவைத்தே தீருவது என்று ஒரு வெறி. இரண்டாவது குதியை ஓங்கிக் குதித்தேன். அவர் முகம் இன்னும் சுருங்கியது. வசனத்தில் இல்லாத இடத்தில் ஒன்று குதித்தேன். மறுபடியும் ஒன்று. என்னோடு நடித்தவர் பாவம், என் வசனத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார், நான் பாம்பைப் பார்த்துப் பார்த்து ஏறுகிறேன்.

முடிந்ததும் அவர் நேராக ஒப்பனை அறைக்கு வந்தார். எனக்கு ஒரு நப்பாசை, 'உள்ளுக்குள் ரசித்தேன்' என்று சொல்லப்போகிறார் என்று. அவர் சொன்னது இது: "மூணு தடவைன்னு சொல்லித்தானே வாங்கிட்டு வந்தாங்க. நீங்க ஏழு தடவை குதிச்சீங்க."

சோபா அவருடையது. எங்கள் செயலாளர் இரவல் கேட்டு வாங்கிவந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து சிரிக்காத முகத்தைப் பார்த்தால், இவருக்கு இந்த மேடையில் ஏதாவது சொந்தமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அவருக்குப் பல்வலியாக இருக்கலாம், காது கொஞ்சம் மந்தமாக இருக்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். சிலர் முகம் அசையாமல் உள்ளுக்குள்ளேயே சிரிப்பவர்கள். இவற்றில் எதையும் உங்களால் குதித்துச் சரிசெய்ய முடியாது. எதிரே நிற்கும் நடிகரைப் பாருங்கள், முன்வரிசையை அல்ல.

கேள்வி: மேடையில் எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. எப்படி அடக்குவது? சிலர் அதைத்தான் ரசிக்கிறார்கள் என்கிறார்கள்.

நாக்கைக் கடிப்பது, கால் கட்டைவிரலை அழுத்துவது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எனக்குப் பலித்தது ஒன்றுதான்: அந்த நிமிடம் என் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று நினைத்துக்கொள்வது. கடன்காரர் போக வேண்டும். பாம்பு வெளியேற வேண்டும். அந்த வேண்டுதல் நிஜமாக இருந்தால் சிரிப்பு வராது.

ரசிக்கிறார்கள் என்பது பாதி உண்மை. ஒரு முறை எங்கள் செட்டில் கதவு ஒட்டிக்கொண்டது. காலையில் அடித்த பெயின்ட் காயவில்லை. விருந்தாளியாக வரவேண்டிய நண்பர் வெளியே தள்ளுகிறார், கதவு வரவில்லை, செட்டே ஆடுகிறது. நான் உள்ளே காத்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில், செட்டில் பின்புறம் திறந்தே இருந்த அலமாரிக்குள்ளிருந்து கதவைத் திறந்துகொண்டு வந்தார், கையில் பெட்டியோடு. என் அடுத்த வரி, ஆசிரியர் எழுதிய வரி: "வாங்க வாங்க. வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்ததா?"

அவர் வரி: "இல்லை சார், நீங்க சொன்ன அடையாளம் சரியா இருந்தது."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை, என் முகத்திலும் இல்லை. சபை முழு நிமிடம் சிரித்தது. என் 31 வருடத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பு வேறு கிடையாது.

அடுத்த காட்சிக்கு இயக்குநர் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார். கதவு நன்றாகத் திறக்கும் நிலையில், நண்பர் வேண்டுமென்றே கதவைத் தட்டி, செட்டை ஆட்டி, அலமாரியிலிருந்து வந்தார். நான் அதே வரியைச் சொன்னேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதே அலமாரி, அதே வரி, அதே பெட்டி. ஆனால் இந்த முறை நாங்கள் இருவரும் சிரிப்புக்காகக் காத்திருந்தோம், அது சபைக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் அவருக்கு நிஜமாகவே உள்ளே வர வேண்டியிருந்தது.

கேள்வி: எனக்கு எப்போதும் நகைச்சுவை நடிகருக்கு எதிரில் நின்று கேள்வி கேட்கிற வேடம்தான் தருகிறார்கள். சிரிப்பெல்லாம் அவருக்கு. நான் தூண் மாதிரி நிற்கிறேன்.

தூணை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அமெரிக்காவில் அபட் – காஸ்டெல்லோ என்று ஓர் இரட்டையர் இருந்தார்கள். சபை விழுந்து சிரித்தது குண்டான காஸ்டெல்லோவைப் பார்த்து. ஆனால் ஆரம்ப காலத்தில் வருமானத்தை 60க்கு 40 என்று பிரித்துக்கொண்டார்கள், 60 பங்கு எதிரில் நின்று கேள்வி கேட்ட அபட்டுக்கு. சிரிக்கவைப்பவர் நிறையப் பேர் கிடைப்பார்கள், சரியான நேரத்தில் சரியாகக் கேள்வி கேட்பவர் கிடைக்க மாட்டார் என்பது அந்தக் காலத்து மேடைக் கணக்கு. (பிற்பாடு காஸ்டெல்லோ சண்டை போட்டு அதை மாற்றினார் என்பது வேறு விஷயம்.)

நம் குழுக்களில் பிரிக்க வருமானம் கிடையாது. அதனால் உங்களுக்குப் பாராட்டிலாவது 60 வர வேண்டும். இயக்குநரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: திக்குவாய், காது கேளாதவர், குண்டானவர் வேடங்கள் நிச்சயம் சிரிப்பு வாங்குகின்றன. இப்போது அதெல்லாம் கூடாது என்கிறார்களே, அப்புறம் எதை வைத்துச் சிரிக்கவைப்பது?

நானும் திக்குவாய் வேடம் போட்டிருக்கிறேன். கைதட்டலும் வாங்கினேன். ஒளித்துச் சொல்வதில் பயனில்லை.

காட்சி முடிந்ததும் ஒரு பையன் வந்தான், பதினைந்து பதினாறு வயதிருக்கும். கோபமெல்லாம் இல்லை. நிஜமான ஆர்வத்தோடு, தொழில் விஷயம் கேட்பது போலக் கேட்டான்: "உங்களுக்கு எ... எந்த எழுத்துல சார் திக்கும்?" எனக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். அவனுக்குச் சில எழுத்துகளில்தான் திக்குமாம். அந்த எழுத்து வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமாம், அதனால் வேறு சொல்லைத் தேடிப் போட்டுக்கொள்வானாம். பாடும்போது திக்காதாம். "நீங்க எல்லா எழுத்துலயும் ஒரே மாதிரி திக்குறீங்களே சார், அதான் கேட்டேன்."

ஏழு வாரம் ஒத்திகை பார்த்தவன் நான். ஒரு நாள்கூட அதை யோசித்ததில்லை.

இரண்டாவது காட்சியில் திக்கலை எடுத்துவிட்டேன். இயக்குநருக்குக் கோபம். ஆனால் அந்தப் பாத்திரம் ஏற்கெனவே கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டது: தரகர் எதைச் சொன்னாலும் நம்பி, இல்லாத வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டு, அதற்கு வெள்ளையடிக்க ஆள் தேடுகிறவன். திக்கல் இல்லாமலே சிரித்தார்கள். கொஞ்சம் குறைவாகத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வெள்ளையடிக்கிற இடத்தில் முதல் நாளைவிட அதிகமாக.

எதை வைத்துச் சிரிக்கவைப்பது என்று கேட்டீர்களே, தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் இதற்கு விடை இருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) முதலாவதாக வைத்திருப்பது நகை, அதாவது சிரிப்பு. அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நாம் முதலாவதான எள்ளலிலேயே குடியிருக்கிறோம். என்னைக் கேட்டால் மேடைக்காரனுக்குச் சொத்து நான்காவது. மடன் என்பதற்கு, பிறர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, கொண்டதை விடாமல் இருப்பது என்ற கருத்தில் உரை சொல்கிறார்கள். இல்லாத வீட்டை நம்புகிறவன், வராத பாம்பை நம்புகிறவன், மேசைக்கு அடியில் ஒளிந்தால் தெரியாது என்று நம்புகிறவன், எல்லாம் அந்தச் சாதி. தப்பான ஒன்றை முழு மனதாக நம்பும் மனிதனைப் பார்த்து நாம் சிரிக்கும்போது, போன வாரம் நாமும் அப்படி ஒன்றை நம்பியது ஞாபகம் வரும்.

எள்ளலே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்னையே எள்ளிக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? என் வழுக்கை 20 வருடமாக இந்தக் குழுவுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: என் வீட்டுக்காரர்கள் 14 பேர் நாடகம் பார்க்க வருகிறார்கள். நான் மேடைக்கு வந்தாலே சிரிக்கிறார்கள். நல்லதா கெட்டதா?

எங்கே உட்கார்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே இடத்தில் கூட்டமாக உட்கார்ந்தால் கெட்டது. அங்கே மட்டும் கல்யாணக் கூட்டம் மாதிரி சத்தம் கேட்கும், மற்றவர்களுக்குத் தாங்கள் அழைக்கப்படாத விருந்தாளிகள் என்று தோன்றும். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து உட்காரவைத்தால் நல்லது. இது புதுத் தந்திரமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அரங்குகளில் காசு வாங்கிக்கொண்டு கைதட்டும் கூட்டம் இருந்தது. அதில் சிரிப்பதற்கென்றே தனி ஆட்கள், அழுவதற்கென்று தனியே பெண்கள்.

சிரிப்பு ஒட்டுவாரொட்டி என்பதை ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஆராய்ந்து பார்த்திருக்கிறார். தனியாக இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. இதை நாங்கள் கால்வாசி நிரம்பிய அரங்கில் கண்கூடாகப் பார்த்திருக்கிறோம். அறுபது பேர் இருநூற்றைம்பது நாற்காலியில் சிதறி உட்கார்ந்தால் அறுபது தனி ஆட்கள்தான். அதே அறுபது பேரை முன்னால் கொண்டுவந்து அடுத்தடுத்து உட்காரவைத்தால் ஒரு சபை. வாசலில் நிற்கும் தொண்டரிடம் பின்வரிசைகளைக் கயிறு கட்டி மூடச் சொல்லுங்கள். நகைச்சுவை நாடகத்துக்கு நான் சொல்லக்கூடிய மிக உருப்படியான யோசனை இந்தக் கயிறுதான், நடிப்பைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அப்புறம்.

மேடையில் வெளிச்சமும் தாராளமாக இருக்கட்டும். முகம் தெரியாவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி: காட்சி நாளில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?

பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேர், 1673 பிப்ரவரி 17 அன்று, தன் நாடகத்தில் நோய் இல்லாமலே நோயாளி என்று நம்பும் ஆளாக நடித்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே நோய் முற்றியிருந்தது. மேடையிலேயே உடல் வெட்டி இழுத்தது, அதையும் ஒரு சிரிப்பால் மறைத்தார் என்பார்கள். காட்சியை முடித்தார், அன்றிரவே வீட்டில் இறந்துபோனார்.

நாடகக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் என்ன செய்வேன் என்றால், மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். ஒவ்வொரு வேடத்துக்கும் இன்னொருவருக்கு வசனம் பாடம் இருக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் விதி உண்டு. ஒரு முறை என் இடத்தில் லைட் போடும் தம்பி நடித்தான். நன்றாகச் செய்தான் என்று சொன்னார்கள். நான்கு பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள்.

கேள்வி: காசும் இல்லை, பேரும் இல்லை. 31 வருடம் எதற்காக?

காட்சி முடிந்த மறுநாள் காலை அலுவலகத்தில் கூட்டல் போட்டுக்கொண்டிருப்பேன். காதோரம் ஒட்டிய மேக்கப் முழுசாகப் போயிருக்காது. முந்தின நாள் அந்த வரிக்கு ஏன் சிரிக்கவில்லை என்று யோசனை ஓடும். மத்தியானம் வாக்கில் காரணம் தெரிந்துவிடும்: அரை நொடி சீக்கிரம் திரும்பிவிட்டேன். அதைச் சரிசெய்து பார்க்க இன்னொரு காட்சி கிடையாது. சரி, அடுத்த நாடகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். அடுத்த நாடகத்தில் அந்த வரி இருக்காது.

கேள்வி: அடுத்த நாடகம் எப்போது?

ஒத்திகை ஆரம்பித்துவிட்டது. இது மூன்றாவது வாரம், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறையும் ஒரு சோபா வேண்டியிருக்கிறது. செயலாளர் கேட்டுப் பார்த்த நான்கு வீட்டிலும், நடிப்பது யார் என்று முதலில் கேட்டார்களாம்.